பழைய பாட்டும் பழகிய கையும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘கலையும் கற்பித்தலும்’ என்ற தலைப்பில் ஆளுக்கு 20 நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர்கள் பொம்மலாட்டம், நாட்டுப்புறப் பாடல், காகித மடிப்பு என்று கையில் பொருளோடு வந்தார்கள். நான் கணக்கு ஆசிரியர். பாட வராது, எந்தக் கருவியும் வாசிக்கத் தெரியாது. கேட்கப் பிடிக்கும், அவ்வளவுதான். அதனால் நான் கேட்ட ஓர் இசைத்தொகுப்பைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன்.

அமெரிக்காவைச் சேர்ந்த ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட் தனியாக வாசித்து, 1999-இல் வெளிவந்த தொகுப்பு அது. பெயர் ‘தி மெலடி அட் நைட், வித் யூ’. மொத்தம் 10 தடங்கள். ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகவே ஓடும். பாடகர் கிடையாது, தாளக்கருவி கிடையாது, ஒரே ஒரு பியானோ. அவருக்கு முந்தைய தலைமுறைகள் பாடித் தீர்த்த பழைய பாட்டுகள்தான் கிட்டத்தட்ட முழுவதும். 50 வயதைத் தாண்டிய, உலகப் புகழ் பெற்ற ஒரு கலைஞர் எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளை எடுத்து ஏன் மறுபடியும் வாசிக்க வேண்டும்? அப்படி வாசித்ததில் புதிதாக என்ன இருக்க முடியும்?

இந்தக் கேள்வி நம்முடையதும்தான். ஒரே பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறவர்கள் நாம். இந்த அறையில் சிலர் அதே பாடத்தை இருபதாவது முறையாக நடத்திக்கொண்டிருப்பீர்கள்.

‘ஸ்டாண்டர்ட்’ என்றால் என்ன?

ஜாஸ் உலகில் சில பாட்டுகளை ‘ஸ்டாண்டர்ட்’ என்பார்கள். எந்த ஊர்க் கலைஞரானாலும் தெரிந்திருக்க வேண்டிய பொதுப் பாட்டு என்று பொருள். அவற்றில் பெரும்பாலானவை ஜாஸுக்காக எழுதப்பட்டவை அல்ல. 1920-களிலிருந்து 1950-கள் வரை நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடைக்கும், பிறகு ஹாலிவுட் படங்களுக்கும் எழுதப்பட்ட பாட்டுகள். ஜார்ஜ் கெர்ஷ்வின், ஜெரோம் கெர்ன், கோல் போர்ட்டர் போன்றவர்கள் மெட்டமைத்தவை. நாடகம் மறந்துபோனது, படம் மறந்துபோனது, பாட்டு மட்டும் நின்றுவிட்டது.

பெரும்பாலும் 32 பார் நீளமுள்ள பாட்டுகள் இவை. ‘பார்’ என்பது அவர்களுடைய தாள அளவை. 8 பார் கொண்ட நான்கு பகுதிகள். முதல் பகுதி, அதுவே மறுபடி, மாறுபட்ட ஒரு பகுதி, பிறகு முதல் பகுதிக்கே திரும்புதல். வேறு அமைப்புகளும் உண்டு என்றாலும் இதுதான் பரவலானது. மெட்டுக்கு அடியில் சுரங்களைக் கூட்டாக ஒலிக்கும் ‘கார்டு’களின் வரிசை ஒன்று போகும். நம் திரையிசைக் குழுக்களில் கிடார்க்காரர் பிடிப்பாரே, அதுதான். ஜாஸ் கலைஞர் முதலில் மெட்டை ஒருமுறை வாசிப்பார். அடுத்து மெட்டை விட்டுவிட்டு, அந்தக் கார்டு வரிசையின் மேலேயே தன் கற்பனையில் புதிய இசையைக் கட்டிக்கொண்டு போவார். முடிவில் மெட்டுக்குத் திரும்புவார். கீர்த்தனையை எடுத்துக்கொண்டு, அதில் ஓர் இடத்தில் நின்று நிரவலும் கற்பனை சுரமும் பாடிவிட்டுப் பல்லவிக்குத் திரும்புவதைக் கேட்டவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதாகப் புரியும்.

குழுவாக வாசித்தால் பேஸ் கிடாரைப் போலக் கீழ்ச் சுரத்தைப் பிடிக்க ஒருவர், தாளத்துக்கு ஒருவர் இருப்பார்கள். தனியாக வாசிக்கும்போது எல்லாம் பத்து விரலில் நடக்க வேண்டும். இடது கை அடித்தளத்தையும் தாளத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும், வலது கை பாட வேண்டும், நடுவிலுள்ள விரல்கள் கார்டை நிரப்ப வேண்டும். தவறினால் மறைக்க ஆளில்லை. நம் வகுப்பறையும் அப்படித்தானே? கதவைச் சாத்திவிட்டால் உள்ளே நாம் ஒருவர்தான்.

இப்படித் தனியாக ஸ்டாண்டர்ட் வாசித்தவர்களில் ஜாரெட்டுக்கு முந்தைய இருவரை மட்டும் சொல்கிறேன்.

ஒருவர் ஆர்ட் டேட்டம். 1909-இல் ஓஹையோ மாநிலத்தில் பிறந்தவர், கிட்டத்தட்ட முழுமையாகப் பார்வை இல்லாதவர். 1953 டிசம்பரில் நார்மன் கிரான்ஸ் என்ற தயாரிப்பாளர் அவரை ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்காரவைத்து, ‘தெரிந்ததையெல்லாம் வாசியுங்கள்’ என்று விட்டுவிட்டார். இரண்டே நாளில் 60-க்கும் மேற்பட்ட பாட்டுகள் பதிவாயின. டேட்டத்தைக் கேட்டால் இரண்டு பேர் வாசிக்கிறார்களோ என்று சந்தேகம் வரும். மெட்டின் ஒவ்வொரு இடைவெளியிலும் அருவிபோல் சுரங்கள் கொட்டும்.

இன்னொருவர் தெலோனியஸ் மங்க். பெரும்பாலும் தனியாக வாசித்து 1957-இல் அவர் பதிந்த ‘தெலோனியஸ் ஹிம்செல்ஃப்’ என்ற தொகுப்பைக் கேளுங்கள். ஒரு சுரம் வாசிப்பார், நிறுத்துவார். அடுத்தது எங்கே விழும் என்று நாம் காத்திருப்போம். எதிர்பாராத இடத்தில் விழும். இடைவெளியும் அவர் இசையில் ஒரு பங்கு.

நிரப்புவது ஒரு வழி, இடம் விடுவது ஒரு வழி. இரண்டுமே பெரிய வழிகள்தான். கீத் ஜாரெட்டின் கதையில் இரண்டும் வரும்.

ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கியவர்

ஜாரெட் 1945-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் ஆலன்டவுன் நகரில் பிறந்தார். மூன்று வயது நிறையும் முன்பே பியானோ பழகத் தொடங்கியவர். இருபது வயதையொட்டி ஆர்ட் பிளேக்கியின் குழுவிலும், பிறகு சார்லஸ் லாயிட் குழுவிலும், 1970-இல் மைல்ஸ் டேவிஸ் குழுவிலும் இருந்தார். அதன்பின் ஜெர்மனியின் மியூனிக் நகரில் மான்ஃபிரெட் ஐகர் நடத்தும் இசிஎம் நிறுவனத்துக்காகத் தனிப் பியானோ பதிவுகளைச் செய்யலானார்.

அவருடைய தனிக் கச்சேரிகளில் பாட்டுப் பட்டியல் இருக்காது. மேடையில் வந்து உட்காருவார், கை வைப்பார், அந்த நிமிடத்தில் என்ன தோன்றுகிறதோ அதுதான் கச்சேரி. ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட அப்படிப் போகும்.

1975 ஜனவரி 24 அன்று ஜெர்மனியின் கோல்ன் நகர இசை நாடக அரங்கில் நடந்தது அதில் மிகவும் புகழ் பெற்றது. ஏற்பாடு செய்தவர் 18 வயது இளம்பெண். மேடைக்கு வந்து சேர்ந்தது ஜாரெட் கேட்டிருந்த பியானோ அல்ல. அளவில் சிறியது, மேல்சுரங்கள் தகரம்போல் ஒலித்தன, கீழ்ச்சுரங்களில் கனம் இல்லை, மிதிகள் சரியாக வேலை செய்யவில்லை. ஜாரெட்டுக்கோ தூக்கமில்லை, முதுகு வலி வேறு. வாசிக்க மாட்டேன் என்றவர் கடைசியில் ஒப்புக்கொண்டு இரவு பதினொன்றரை மணிக்கு உட்கார்ந்தார். கெட்டுப்போன ஓரங்களைத் தவிர்த்து நடுப்பகுதிக் கட்டைகளிலேயே பெரும்பாலும் வாசித்தார். இடது கையில் ஒரே தாளக்கட்டைத் திரும்பத் திரும்ப அழுத்தமாகப் பிடித்துக் கீழ்ச்சுரத்தின் குறையை ஈடுகட்டினார். பிறகு அந்தப் பதிவு ஜாஸ் தனி வாசிப்புகளிலேயே மிக அதிகம் விற்றதாக ஆயிற்று.

ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு மணி நேர இசையை உண்டாக்கத் தெரிந்தவர், 1983-இல் பழைய பாட்டுகளிடம் வந்தார். கேரி பீகாக், ஜாக் டிஜானெட் ஆகிய இருவருடன் சேர்ந்து மூவர் குழுவாக ஸ்டாண்டர்டுகளை எடுத்துப் பதிவு செய்தார். அப்போது அவருக்கு 37 வயது. சொந்தமாகப் படைப்பவர்கள் பழைய பாட்டை வாசிப்பது பின்னோக்கிப் போவதாகப் பலருக்குத் தோன்றிய காலம் அது. ஆனால் அந்தக் குழு 2014 வரை, ஏறத்தாழ 30 ஆண்டுகள், அந்தப் பாட்டுகளையே பெரும்பாலும் வாசித்தது. ஒரே பாட்டை வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆண்டுகளில் வாசித்த பதிவுகள் நிறைய உண்டு. ஒன்றுபோல் ஒன்று இருக்காது.

கை ஓய்ந்தபோது

1996 இலையுதிர் காலத்தில் இத்தாலியில் தொடர்ச்சியாகத் தனிக் கச்சேரிகள் செய்துகொண்டிருந்தபோது ஜாரெட்டின் உடல் முற்றிலும் சோர்ந்தது. நாட்பட்ட களைப்பு நோய் என்று மருத்துவர்கள் கண்டார்கள். நாம் மாலையில் வீடு திரும்பும்போது சொல்லும் களைப்பு வேறு. இந்த நோயில் ஓய்வெடுத்தாலும் களைப்பு தீராது. சிறு வேலை செய்தாலும் நாள்கணக்கில் படுக்க வைத்துவிடும். கச்சேரிகள் நின்றன. மீண்டும் வாசிக்க முடியுமா என்பதே தெரியாத நிலை.

நியூ ஜெர்சி மாநிலத்தில் நாட்டுப்புறத்தில் இருந்த அவருடைய வீட்டை ஒட்டியே ஒரு சிறு ஒலிப்பதிவுக் கூடமும், அதில் ஒரு ஸ்டெயின்வே பியானோவும் இருந்தன. அந்தப் பியானோவை அப்போதுதான் பிரித்துச் சீர்செய்திருந்தார்கள். கட்டைகள் மிக மெதுவான தொடுதலுக்கும் பதில் சொல்லின. உடம்பு சற்றே ஒத்துழைக்கும் நாள்களில் ஜாரெட் அங்கே போவார், பதிவுக் கருவியை இயக்குவார், சில நிமிடம் வாசிப்பார், அதற்குமேல் முடியாமல் எழுந்துவிடுவார். மனைவிக்குக் கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பதற்காக வாசித்தவை அவை. கடையில் விற்கும் எண்ணம் தொடக்கத்தில் இல்லை. அவைதான் 1999-இல் தொகுப்பாக வெளிவந்தன.

கெர்ஷ்வினின் இரண்டு பாட்டுகள் அதில் உண்டு. ஒன்று 1926-இல் வந்த ‘சம்வன் டு வாட்ச் ஓவர் மீ’, மற்றது 1935-இல் ‘போர்கி அண்ட் பெஸ்’ இசை நாடகத்துக்காக எழுதிய ‘ஐ லவ்ஸ் யூ, போர்கி’. டியூக் எலிங்டனின் ஒரு பாட்டு. ஜெரோம் கெர்னின் ஒரு பாட்டு. இவற்றோடு ஜாஸ்காரர்கள் அதிகம் தொடாத இரண்டு. ஒன்று, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேடையில் பாடப்பட்ட ‘மை வைல்ட் ஐரிஷ் ரோஸ்’. மற்றது, படகோட்டிகள் பாடிவந்ததாகச் சொல்லப்படும் ‘ஷெனாண்டோ’ என்ற அமெரிக்க நாட்டுப்பாடல்.

கேட்டால் முதலில் வியப்பாக இருக்கும். முன்பு நான் சொன்னேனே, மெட்டு ஒருமுறை, பிறகு நீண்ட கற்பனை, பிறகு மெட்டு என்று. இங்கே அந்த நடுப்பகுதி பல பாட்டுகளில் மிகச் சிறியது, சிலவற்றில் இல்லவே இல்லை. ‘ஷெனாண்டோ’வில் மெட்டை வாசிக்கிறார், மறுபடியும் மெட்டையே வாசிக்கிறார். மேடையில் அவர் வாசித்துக்கொண்டே முனகுவதும் எழுந்து நின்று ஆடுவதும் பேர்போனவை. இதில் அந்த முனகல் அநேகமாகக் கேட்பதே இல்லை. வேகமான ஓட்டம் எதுவும் கிடையாது.

புத்திசாலித்தனம் காட்ட உடம்பில் தெம்பு இல்லாமல் போனதும் இந்தப் பதிவுக்கு ஒரு காரணம் என்ற பொருளில் ஜாரெட் பிறகு ஒரு பேட்டியில் சொன்னார். இந்தச் சொல் எனக்கு மறக்கவில்லை.

மெட்டு மட்டும் போதுமா?

‘அப்படியானால் இது எளிது. மெட்டை மட்டும் வாசிப்பது ஆரம்ப மாணவர்கூடச் செய்வதுதானே?’ என்று கேட்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் கேட்கத் தொடங்கினேன். பலமுறை கேட்டபின் சில விஷயங்கள் காதில் விழுந்தன.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தியதுமே ஒலி தேயத் தொடங்குகிறது. வயலின்போல் இழுத்துப் பிடிக்க முடியாது. அப்படியிருக்க, மெட்டின் ஒரு சுரம் அடுத்த சுரத்தோடு பாடுவதுபோல் ஒட்ட வேண்டுமானால், தேய்ந்துகொண்டிருக்கும் ஒலியின் அளவைக் காதால் அளந்து, அடுத்த சுரத்தை அதற்கு ஈடான எடையில் வைக்க வேண்டும். ஒரு இழை கூடினாலும் குறைந்தாலும் பாட்டு துண்டு துண்டாகிவிடும். ஜாரெட்டின் கையில் அது ஒட்டுகிறது, பியானோ பாடுகிறது.

அடுத்தது, மெட்டுக்கு அடியிலுள்ள கார்டு. முதல் முறை வரும்போது இருக்கும் கார்டு அதே வரி இரண்டாம் முறை வரும்போது சற்றே மாறியிருக்கும், உள்ளே ஒரு சுரம் மட்டும் நகர்ந்திருக்கும். மேலே மெட்டு மாறவே இல்லை, ஆனால் அதன் பொருள் மாறிவிட்டதுபோல் இருக்கும். ஒரே வாக்கியத்தைக் காலையில் சொல்வதற்கும் இரவில் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு.

மூன்றாவது, பாட்டின் சொற்கள். பியானோவில் சொல் இல்லை. ஆனாலும் பாட்டின் வரிகளைத் தெரிந்துகொண்டுதான் வாசிக்க வேண்டும் என்று சொன்ன ஜாஸ் மேதைகள் உண்டு. பாடகர் எங்கே மூச்சு விடுவாரோ அங்கே கருவியும் மூச்சு விட வேண்டும். இந்தத் தொகுப்பில் அந்த மூச்சு கேட்கிறது. நம் மொழியில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்களுக்கு இது புரிந்திருக்க வேண்டும்.

ஆக, ஜாரெட் சும்மா மெட்டை வாசிக்கவில்லை. இரண்டு சுரம் போதும் என்று விடுவதற்கு, அந்த இடத்தில் இருபது சுரம் வைக்கத் தெரிந்த கை வேண்டும். அது 50 ஆண்டுப் பயிற்சியில் வந்த கை. களைப்பு அவருக்கு இந்தக் கலையைக் கொடுக்கவில்லை. அது ஏற்கெனவே அவரிடம் இருந்தது. களைப்பு, மேலே மூடியிருந்ததை எடுத்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. நோய் நல்லது, குறைவே எப்போதும் நிறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நோய் அவரிடமிருந்து கச்சேரிகளைப் பறித்தது. அவர் போராடி மீண்டார். 1998 நவம்பரில் நியூ ஜெர்சியின் நூவர்க் நகரில் தன் மூவர் குழுவோடு மீண்டும் மேடையேறினார். அந்தக் கச்சேரிப் பதிவு 20 ஆண்டுகள் கழித்து வெளிவந்தது. அதில் வேகமும் துள்ளலும் எல்லாம் திரும்பியிருக்கின்றன. தெம்பு வந்தபோது நிறைய வாசித்தார், தெம்பு இல்லாதபோது கொஞ்சம் வாசித்தார். இரண்டு நேரத்திலும் பாட்டை விடவில்லை என்பதுதான் செய்தி.

2018-இல் அவருக்கு அடுத்தடுத்து இரண்டு முறை பக்கவாதம் தாக்கியது. இடது பக்கம் செயலிழந்தது. இனி மேடையேறுவது நடவாது என்பதை 2020-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு கையால் அவர் வாசித்தவை இனி பதிவுகளில்தான். அதைத் தெரிந்துகொண்டு அந்த வீட்டுப் பதிவை மறுபடி கேட்டபோது, சில நிமிடம்தான் முடியும் என்ற நாளிலும் போய் உட்கார்ந்தாரே என்பதுதான் எனக்கு முன்னால் நின்றது.

நம் ‘ஸ்டாண்டர்ட்’

இனி நம் பக்கம் வருகிறேன். ஆறாம் வகுப்பில் பின்னங்களைக் கூட்டுதல் எனக்கு ஒரு ஸ்டாண்டர்ட். பல ஆண்டுகளாக நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒரு குழந்தை ½-ஐயும் ⅓-ஐயும் கூட்டி ⅖ என்று எழுதும். மேலே உள்ளதை மேலே, கீழே உள்ளதைக் கீழே. ‘தப்பு, மீச்சிறு பொது மடங்கு எடு’ என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அல்லது வண்ண அட்டை, காணொலி, விளையாட்டு, பாட்டு என்று ஒரு மணி நேரத்தையும் நிரப்பலாம். இரண்டிலுமே பாடத்தின் மெட்டு காணாமல் போக வாய்ப்பிருக்கிறது.

இந்தப் பாடத்தின் மெட்டு எது? ஒரு கேள்விதான்: ‘பாதித் தோசை வைத்திருந்தாய். இன்னும் கொஞ்சம் கொடுத்தேன். இப்போது உன்னிடம் இருப்பது பாதியைவிடக் கூடுதலா, குறைவா?’ கூடுதல் என்று எல்லோரும் சொல்வார்கள். ‘சரி, ⅖ பாதியைவிடக் கூடுதலா, குறைவா?’ இதைக் கேட்டுவிட்டு ஆசிரியர் பேசாமல் இருக்க வேண்டும். அந்த அமைதியில்தான் குழந்தைக்குள் ஏதோ இடறும். ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டாமல் எண்ணக் கூடாது என்பது பிறகு தானாக வரும். மீச்சிறு பொது மடங்கு அதற்குப் பின்னால் வர வேண்டிய விதி.

எனக்குத் தெரிந்த மூத்த ஆசிரியர் ஒருவருக்குத் தொண்டையில் சிகிச்சை நடந்தது. குறைவாகப் பேச வேண்டும், சத்தமாகப் பேசவே கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முப்பது ஆண்டுகள் கணீரென்ற குரலை வைத்தே வகுப்பை ஆண்டவர். திரும்பி வந்தபோது, ‘இனி நான் பாதி ஆசிரியர்தான்’ என்று என்னிடம் வருந்தினார். அவர் வகுப்பின் ஓரத்தில் ஒருநாள் உட்கார்ந்து பார்த்தேன். கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதினார். ஒரு மாணவியைக் கையால் அழைத்தார். அவள் இரண்டாவது வரியில் தடுமாறியபோது சுண்ணக்கட்டியால் அந்த வரிக்கு அடியில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டார். அவள் பார்த்தாள், அழித்தாள், சரியாக எழுதினாள். சரியான வரிக்கு அடியில் கோடு போட முப்பது ஆண்டு வேண்டும். அவர் பாதி ஆசிரியர் ஆகவில்லை என்பதை அந்தக் கோடு சொன்னது.

நம்மில் பலர் நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறோம். முழங்கால் வலி, சர்க்கரை, தொண்டைக் கட்டு, வீட்டில் படுத்திருக்கும் பெற்றோர் என்று ஆளுக்கொரு பாரம். முதல் ஆண்டில் ஓடியதுபோல் இப்போது ஓட முடிவதில்லை. புதிதாக வந்திருக்கும் இளைய ஆசிரியர்களின் வேகத்தைப் பார்த்து உள்ளுக்குள் ஒரு தாழ்வும் வருகிறது. அவர்களின் வேகம் வேண்டும், அது டேட்டத்தின் அருவி. நம்மிடம் இருப்பது வேறு. எந்த இடத்தில் குழந்தை இடறும் என்பது நமக்குத் தெரியும். எதை விட்டாலும் பாடம் நிற்கும், எதை விட்டால் விழும் என்பதும் தெரியும். அதைப் பயன்படுத்தாமல், ‘பழைய பாடம்தானே’ என்று இயந்திரமாக ஒப்பிக்கும் நாளில்தான் நாம் உண்மையில் ஓய்ந்துபோகிறோம்.

வகுப்பறைக்கு ஒரு செயல்பாடு

கலை வழிக் கற்பித்தலுக்கு ஏதாவது கையில் கொண்டுபோக வேண்டும் அல்லவா? நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் இந்தத் தொகுப்பிலிருந்து ‘ஷெனாண்டோ’வை ஒலிக்க விடுங்கள். முதல் முறை, கண்ணை மூடிக் கேட்க மட்டும் சொல்லுங்கள். இரண்டாம் முறை, ஒரே மெட்டு திரும்ப வரும் ஒவ்வொரு முறையும் விரலை உயர்த்தச் சொல்லுங்கள். மூன்றாம் முறை, ‘திரும்ப வந்தபோது எது மாறியது, எது மாறவில்லை?’ என்று கேளுங்கள். எட்டாம் வகுப்பில் நான் இதைச் செய்தபோது, ‘மேலே அதேதான் சார், கீழே வேற’ என்று ஒரு மாணவன் சொன்னான். கார்டு என்ற சொல்லே அவனுக்குத் தெரியாது.

பிறகு குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த ஒரு தாலாட்டையோ நடவுப் பாட்டையோ எடுத்து நான்கு பேரைத் தனித்தனியாகப் பாடச் சொல்லுங்கள். நால்வரும் பாடியதில் மாறாமல் நின்றது எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். மாறாமல் நிற்பதைக் கண்டுபிடிப்பது கணக்கிலும் வேலை, மொழியிலும் வேலை, அறிவியலிலும் வேலை. எந்தப் பாட ஆசிரியரும் இங்கிருந்து தன் பாடத்துக்குப் போகலாம்.

மேலைநாட்டு இசை நம் பிள்ளைகளுக்குப் புரியுமா என்று தயங்க வேண்டாம். மெதுவான இசையைப் பொறுமையாகக் கேட்கப் பிள்ளைகளுக்கு முடிகிறது. நாம் அதற்கு நேரம் ஒதுக்கினால் போதும்.

நாளை திங்கட்கிழமை. முதல் பாடவேளையில் நம்மில் பலர், போன ஆண்டு நடத்திய பாடத்தையே திறக்கப் போகிறோம். வகுப்புக்குள் நுழையும் முன் ஒரு நிமிடம், ‘இந்தப் பாடத்தின் மெட்டு எது?’ என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அது பழைய பாட்டு இல்லை. அவர்கள் அதை முதல் முறையாகக் கேட்கப் போகிறார்கள்.